டியூப் கசிகிறது

நிமிர முடியவில்லை.

குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கூன் விழுந்தவளாட்டம் நின்றாள். வயிற்றைச் சுற்றி இறுக்கிய பெல்ட். அடிவயிற்றிலிருந்து இரண்டு குழாய்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ரப்பர் பல்பு, ஊக்குப் போட்டு நைட்டியில் மாட்டியிருந்தது. உள்ளே ஊறும் நீர் அதில்தான் வந்து சேரும்.

தொடையில் ஈரம்.

பல்பு கசிகிறதோ என்று பார்த்தாள். இல்லை.

தேதி நினைவுக்கு வந்தது. சனியன், இப்போதுதானா வர வேண்டும்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்றல்லவா வீட்டில் சொல்லியிருக்கிறாள். இரண்டு பிரசவத்தில் தொங்கிப்போன வயிற்றை அறுத்து இறுக்கிக்கொண்டேன் என்று மாமியாரான அத்தையிடம் எந்த வாயால் சொல்வது? கணவன் கதிரவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வேலைக்குப் போய்விட்டான்.

பொய் பொருந்த வேண்டுமே என்று, அலமாரியில் இருந்த நாப்கின் பாக்கெட்டுகளை எல்லாம் அத்தையின் கண்ணெதிரே வேலைக்கு வரும் தெய்வானையிடம் தூக்கிக் கொடுத்திருந்தாள். பெரிய கெட்டிக்காரி.

அத்தைக்கு ஒரே சந்தோஷம். இனி தீட்டே இல்லை, வெள்ளிக்கிழமை விளக்கு உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள்.

இன்று வெள்ளி.

குனிந்து கழுவ முடியாது. உட்கார்ந்தால் எழ முடியாது. கதவைத் திறந்தால் அத்தை.

ஆளைக் காணோமே என்று அத்தையே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தினமும் உடம்பு துடைத்துவிடுவது அவள்தான். தாழ் போடக் கூடாது என்பதும் அவள் உத்தரவு.

“டியூப் கசியுதுங்க அத்தை.”

அத்தை பல்புகளைத் தூக்கிப் பார்த்தாள். காலையில் அவற்றைக் காலி செய்ததும் அவள்தான். ரசத் தெளிவு போல வெளிறிய நீர் கொஞ்சம்.

பிறகு நைட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

வெளியே போனாள்.

இவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

திரும்பி வந்த அத்தையின் கையில் பழைய வேட்டித் துணி. நீளவாக்கில் மடித்து, இரண்டு ஊக்குகளோடு.

“விளக்கை நானே ஏத்திக்கறேன் கண்ணு. மூணு நாளைக்கு நீ அந்தப் பக்கம் வர வேண்டாம்.”

துணியை அவள் கையில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் மணி அடித்தது. அத்தை போய்த் திறந்தாள். பக்கத்து வீட்டு ருக்குமணியின் குரல். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறாள்.

“ஆமாங்க, கர்ப்பப்பைதான். எடுத்தாச்சு. இனி அந்தத் தொல்லையே இல்லை அவளுக்கு.”

அத்தையின் குரலில் ஒரு பிசிறு இல்லை.

“உட்காருங்க. அவளே வந்து சொல்லட்டும்.”

அவள் நிமிரப் பார்த்தாள். தையல் இழுத்தது.