குவான் யினுக்குத் தமிழ் தெரியாது

சீனக் கோயிலின் கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் நவமணிக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"ஏங்க, இந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாதுல்ல?"

அர்ச்சுனன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். சுண்ணாம்புக் குன்றின் குகைக்குள், தாமரைமேல் நின்றபடி குவான் யின் அம்மா இருவரையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலாய்ல கேளு லா. அவங்களும் ஈப்போக்காரங்கதானே."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் நவமணி யோசித்துப் பார்த்து, சரியென்று தலையாட்டினாள்.

இதுவரை அவளுக்கு இந்தச் சிக்கல் வந்ததில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அர்ச்சுனனுக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். தெலுக் இந்தானில் செம்பனைப் பழக்குலை லோரி ஓட்டியே ஆயுளைக் கழித்தவர், அதன்பிறகு ஈப்போவின் சிலிபின் பகுதியில் இருக்கும் வீட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுப்பியவள் நவமணி. முதலில் கல்லுமலை முருகன். அப்புறம் பத்துமலை. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் தினேஸ்வரி மலிவு டிக்கெட் பார்த்துக் கொடுத்ததும், கம்போடியாவின் அங்கோர் வாட், ஜாவாவின் போரோபுதூர் என்று கடல் தாண்டவும் ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டு அந்தோணிமுத்து புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் தேவாலயத்துக்கு வேன் எடுத்தபோது, அதிலும் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவள் அவள்தான்.

அங்கோர் வாட் விஷ்ணுவுக்குக் கட்டியது, அதனால் தமிழ் புரியும் என்பது அவள் கணக்கு. போரோபுதூர் புத்தர் எப்படியும் நம்ம பக்கத்து ஆள். அன்னம்மாள் கோயிலில் தமிழிலேயே பூசை வைக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசையாமல், வெகுநேரம் நிற்பாள். என்ன வேண்டினாள் என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். சொன்னால் பலிக்காதாம்.

அர்ச்சுனனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எல்லாம் அவருடைய ஆயுளுக்குத்தான். அதில் அவருக்கு வெளியே காட்டிக்கொள்ளாத ஒரு பெருமை உண்டு.

"இத்தன சாமிகிட்ட கேட்டு வாங்குனா, நான் நூறத் தாண்டித்தான் போவேன். அப்புறம் யமன் உன்மேலதான் கோவிச்சுக்குவான்" என்று கிண்டல் செய்வார். அவள் முறைப்பாள்.

அவரோ எந்தச் சன்னிதியிலும் கைகூப்பியதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டால் போதும் என்பது அவர் கட்சி.

இன்றும் அவளை அம்மன் முன்னால் விட்டுவிட்டு, பின்பக்கக் குளத்து ஆமைகளுக்குக் கீரை போடப் புறப்பட்டார். பாதி வழியில் மகள் போட்டோ கேட்டது நினைவுக்கு வந்தது. கைபேசியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து தூண் ஓரமாக நின்றார்.

நவமணி பேசிக்கொண்டிருந்தாள்.

மனசுக்குள் மலாய் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. வாயைத் திறந்தால்தான் அது வரும். சந்தையில் மீன்காரரிடம் பேசுகிற அதே மலாய், கொஞ்சம் மரியாதை சேர்த்து.

'சுவாமி சாயா' என்பது காதில் விழுந்தது. மலாயில் 'என் கணவர்'. தன் பேச்சுதான் என்று அர்ச்சுனன் புன்னகைத்தார்.

என் கணவர் முதலில் போகட்டும், அம்மா. நான் பிறகு வருகிறேன்.

புன்னகை அப்படியே நின்றுவிட்டது.

மலாயைத் தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று பார்த்தார். அதில் தவறாகப் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை. பூவோடும் பொட்டோடும் புருஷனுக்கு முன்னால் போய்ச் சேரவேண்டும் என்று கேட்கிற பெண்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அவர் அம்மா அப்படித்தான் கேட்டாள், அப்படித்தான் போனாள். இவள் கடல் தாண்டிப் போய், இந்துச் சாமி, புத்தர், அன்னம்மாள் என்று ஆள் விடாமல் இதையா கேட்டிருக்கிறாள்?

நெஞ்சில் தையல் போட்ட இடம் சுரீரென்றது.

நவமணி இன்னும் முடிக்கவில்லை.

அவருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கக்கூடத் தெரியாது, அம்மா. அதுகூடப் பரவாயில்லை, கற்றுக்கொள்ளலாம். ஆனால் பசிக்கிறது என்று அவருக்கு யாரிடமும் கேட்கத் தெரியாது. மகள் வீட்டில் இருந்தால்கூடக் கேட்க மாட்டார். வெட்கம். என்னிடம் மட்டும்தான் கேட்பார்.

அர்ச்சுனன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கண்களைத் துடைத்துக்கொண்டு, கல்லாவில் இருந்த சீனக் கிழவரிடம் ஊதுபத்தி வாங்கினார். பற்றவைக்கத் தெரியாமல் இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டார். நேராகப் போய் நவமணிக்குப் பக்கத்தில் நின்று கைகூப்பினார். உதடுகள் லேசாக அசைந்தன.

நவமணி திகைத்துப்போய் அவரையே பார்த்தாள். இத்தனை வருடத்தில் காணாத காட்சி. படியிறங்கும் வரை பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னா கேட்டீங்க?"

"நீ கேட்டதையே குடுத்துருங்கன்னேன்" என்றார் அர்ச்சுனன். "ஆனா அவசரம் ஒண்ணும் இல்லன்னும் சொல்லியிருக்கேன்."