வெள்ளிக் கிளி

“போலீஸ் வேண்டாம்” என்று சென்னப்பன் சொன்னதும் அமலதாஸுக்கு அவர் காலில் விழத் தோன்றியது. விழுந்தும் விட்டார்.

கொள்ளேகால் பட்டில் சம்பாதித்த சென்னப்பன், மைசூர் பங்களாவின் கூடம் நிறையச் சீமைக் கடிகாரங்களை வாங்கி நிறுத்தியிருந்தார். முதல் தேர்தல் வந்த அந்த வருஷம் பட்டுச் சந்தையே படுத்துக் கிடந்தது. ஆனாலும் கடன் கொடுக்க வரும் சேட்டுகள் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தால் போதும், மறு பேச்சுப் பேச மாட்டார்கள்.

கடிகாரங்களுக்கெல்லாம் ராஜா, பாரிஸிலிருந்து வந்த கிளிக் கடிகாரம். மணிக்கொரு தரம் தங்கக் கூண்டுக்குள் வெள்ளிக் கிளி இறக்கை விரித்துப் பாடும். இன்று காலை அந்த மேசை வெறுமையாக இருந்தது.

கூடத்தைத் துடைப்பதும் பூட்டுவதும் அமலதாஸ் பொறுப்பு. திங்கள்தோறும் முதலாளியின் இடுப்பிலிருக்கும் ஒன்பது சாவி கோத்த வளையத்தை வாங்கி, ஒவ்வொரு கடிகாரத்துக்கும் அதற்கென்று உள்ள சாவியைக் கொடுத்து முடுக்கிவிட்டு, வளையத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

போன வருஷமும் இப்படித்தான் ஒரு கடிகாரம் காணாமல் போய், காளியப்பனை விரட்டினார்கள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் என்று அவன் முகத்துக்கு நேரே காறித் துப்பியவர் அமலதாஸ். அவனுடைய வேலைதான் இவருக்குக் கிடைத்தது.

“மாதா சத்தியமா நான் எடுக்கலீங்க, எஜமான்.”

“எடுத்தேன்னு ஒரு கடிதாசி எழுதிக் குடுத்துட்டுப் போயிரு. அது என்ற பெட்டிக்குள்ளாறயே கெடக்கும். போலீஸ் உன்ற வீட்டு வாசல்ல வந்து நின்னா, மக கல்யாணம் என்னாகும்?”

வரும் ஞாயிறு மாதா கோயிலில் மகள் ஹில்டாவின் கல்யாண ஓலையை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்கப் போகிறார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். திருட்டுப் பட்டம் காதில் விழுந்தால், ஆட்சேபணை சொல்ல ஊரில் ஆளா இல்லை? செய்யாத திருட்டை அமலதாஸ் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேப்பங்காயைத் தின்றதுபோல் வாயெல்லாம் கசந்தது.

அன்று திங்கட்கிழமை. “மிச்சத்துக்குச் சாவி குடுத்துட்டுப் போ” என்று சென்னப்பன் வளையத்தை நீட்டினார்.

வளையத்தில் எட்டுச் சாவிகள் இருந்தன. எட்டுக் கடிகாரங்களையும் முடுக்கி முடித்தார் அமலதாஸ். திருடன் என்று எழுதி வாங்கிய பிறகும் தன்னை நம்பி வளையத்தைக் கொடுத்தாரே என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. நாலு பேர் நடுவில் மானத்தைக் காப்பாற்றிய மனுஷன். நன்றி சொல்லிவிட்டுப் போவோம் என்று அறைக் கதவருகே வந்தார்.

உள்ளே முதலாளியின் மனைவி கௌரம்மாவின் குரல் கேட்டது. “ஏனுங்க, இவனும் போயிட்டான். இனி வேலைக்கு ஆரைங்க வெக்கிறது?”

“இவனாட்டமே யோக்கியனாப் பாரு. இன்னும் எட்டு விக்கோணும்.”