தள்ளி வைக்காத ஓட்டெடுப்பு

"தள்ளி வைக்க நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் கார்த் பெல்லாமி. நோரீனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நோரீன் ஹாக்கெட் செல்போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் கூப்பிட்டிருந்தார்கள். கொரோனாவில் கிடந்த கணவர் ராய்ஸுக்கு மூச்சு இறங்கிக்கொண்டே வருகிறதாம். கடைசி நேரம் என்பதால் மனைவியை மட்டும் உள்ளே விடுவார்களாம். உடனே வர வேண்டுமாம்.

"ஒரே ஒரு நாள், பெல்லாமி. நாளைக்குக் காலையில வச்சுக்கலாம். நான் எந்திரிச்சுப் போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கான்சாஸ் மாநிலத்தின் அந்தச் சின்ன வட்டார மன்றத்தில் உறுப்பினர்கள் ஐந்து பேர். போன வருஷம் ஒருவர் விலகிப் போனதில் ஓர் இடம் காலியாக இருந்தது. யாரை நியமிப்பது என்பதிலும் சண்டை. நோரீனின் ஜனநாயகக் கட்சிக்கு இரண்டு பேர், பெல்லாமியின் குடியரசுக் கட்சிக்கு இரண்டு பேர். கடைகளில் மாஸ்க் கட்டாயம் என்ற தீர்மானம் ஜூனிலிருந்து மாதம் ஒருமுறை வந்தது. ஏழு முறையும் இரண்டுக்கு இரண்டு என்று சமமாகித் தோற்றது. அதற்குள் அந்த வட்டாரத்தில் நாற்பத்தோரு பேர் செத்துப்போனார்கள்.

புது வருஷம் பிறந்ததும் ஐந்தாவது உறுப்பினர் பதவியேற்றார். நோரீனின் கட்சிக்காரர். இன்றைக்குத்தான் மூன்றுக்கு இரண்டு.

நோரீன் போய்விட்டால் பழையபடி இரண்டுக்கு இரண்டு. அறிவித்த ஓட்டெடுப்பைத் தள்ளி வைக்க ஒருவர் மறுத்தாலும் முடியாது. அது மன்றத்தின் விதி.

"அங்க என் புருஷன் செத்துக்கிட்டிருக்காரு, பெல்லாமி."

"அப்ப இங்க நின்னு பேசிக்கிட்டிருக்கீங்களே? கிளம்புங்க."

"மனுஷனா நீங்க?"

பெல்லாமி எதிரே கிடந்த காகிதங்களை அடுக்கி வைத்தார்.

நோரீன் கோட்டை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வழியெல்லாம் பனி. வழியெல்லாம் பெல்லாமியைச் சபித்துக்கொண்டே ஓட்டினாள். 'நீயும் ஒரு நாள் இப்படி நிப்பே. அப்ப தெரியும்.'

ஆஸ்பத்திரியில் தலை முதல் கால் வரை அவளை மூடித்தான் உள்ளே விட்டார்கள். ராய்ஸ் கண் திறக்கவில்லை.

"நான்தான் ராய்ஸ். வந்துட்டேன்."

கையுறை வழியாகவும் அவர் கை சூடாகத்தான் தெரிந்தது. இருபது நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாயைப் பற்றிச் சொன்னாள். வாசல் படியில் பனி உறைந்து வழுக்குகிறது என்று சொன்னாள். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை. நர்ஸ் மெல்ல வந்து மெஷினின் சத்தத்தை நிறுத்தினாள்.

"அவ்வளவுதான் மேடம்" என்றாள்.

வெளியே காரில் உட்கார்ந்த நோரீனுக்கு அழுகை வரவில்லை. மன்ற அலுவலகத்து எழுத்தர் டெல்லாவைக் கூப்பிட்டாள்.

"தோத்துட்டோமா?" அதுதான் அவள் வாயில் முதலில் வந்தது. தனக்கே வெட்கமாக இருந்தது.

"ராய்ஸ் எப்படி இருக்காரு நோரீன்?"

"போயிட்டாரு."

 டெல்லா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தீர்மானம் ஜெயிச்சிடுச்சு நோரீன். ரெண்டுக்கு ஒண்ணு."

"ரெண்டுக்கு ஒண்ணா? எப்படி?"

"பெல்லாமி ஓட்டே போடல. நீங்க கார் எடுத்த சத்தம் கேட்டதும் எந்திரிச்சுட்டாரு. அவர் கட்சிக்காரர் கையைப் பிடிச்சு இழுத்தாரு. 'எங்கய்யா போற, இப்ப நாம ஜெயிக்கலாம்'னு கத்தினாரு. இவரு உதறிட்டாரு. 'செத்துக்கிட்டிருக்கிறவனை வச்சு நான் ஜெயிக்க மாட்டேன்'னு சொல்லிட்டு வெளியே போயிட்டாரு."

நோரீன் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வாசல்ல கொடி பிடிச்சுக்கிட்டு நின்ன அவர் ஆளுங்களே 'துரோகி, துரோகி'ன்னு கத்துறாங்க. பனியை உருட்டி அவர் வண்டி மேல எறிஞ்சாங்க. அடுத்த தேர்தல்ல அவருக்கு இடம் கிடையாதாம். இப்பவே சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் டெல்லா தள்ளி வைக்க ஒத்துக்கல? அதுக்குச் சரின்னு சொல்லியிருந்தா அவருக்கு இந்தத் தலைவலியே இல்லையே?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'நாளைக்குப் புருஷனைப் பறிகொடுத்துட்டு வந்து அந்தம்மா இங்க உட்கார்ந்து கை தூக்கணுமா? அம்மா போன மறுநாள் இதே மேஜையில நான் உட்கார்ந்தேன் டெல்லா. அது யாருக்கும் வேணாம்'னாரு."

 நோரீன் போனை மடியில் வைத்துவிட்டாள்.

போன வருஷம் ஜூன் மாதம். முதல் ஓட்டெடுப்பு. பெல்லாமிக்கு முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. அம்மாவுக்குக் கடைசி நேரமாம். உள்ளே விட மாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எழுந்து போனால் அவர் பக்கம் தோற்றுவிடும். 'ஒரு மணி நேரம் தள்ளி வைங்க, ஓடிப் போய்ப் பார்த்துட்டு ஓடி வந்துடறேன்' என்று கெஞ்சினார்.

அவர் கட்சிக்காரர் சரி என்றார். எதிர்க்கட்சியின் இருவரில் ஒருவரும் சரி என்றார்.

முடியாது என்று சொன்ன ஒரே ஆள் நோரீன்.