வேலிக்கு அந்தப் பக்கத்துப் பாடம்

வேலி ஓலையை விலக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள் ராகேல். பக்கத்து வீட்டு முற்றத்தில் தேவகனி குனிந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் மகள் ஜெயபாய் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராகேலுக்கு வயிறு பற்றி எரிந்தது. போன வருஷம்தான் கொட்டாரத்திலிருந்து குழித்துறைக்குக் குடிவந்தவள் இந்தத் தேவகனி. ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு எல்லாரையும்விட உரக்கப் பாடுவாள். போதாததற்குச் சந்தையில் இரண்டு சிலேட்டு வாங்கினாளாம். இருப்பது ஒற்றைப் பிள்ளை, அதற்கு இரண்டு சிலேட்டு! என்ன பவுசு!

ராகேல் மட்டும் சளைத்தவளா? சபை உபதேசியார் மகள், ஏழாம் வகுப்பு தேறியவள். தன் மகள் கிரேஸ்பாயின் வீட்டுக்கணக்கு அத்தனையையும் அவளேதான் போட்டாள். கட்டுரையும் அவளே எழுதினாள்.

"நீ எழுதினா கோழி கிண்டின மாதிரி இருக்கும். தள்ளுட்டீ, அம்மை எழுதித் தாரேன்" என்பாள். கிரேஸ்பாயும் சந்தோஷமாக எழுந்து விளையாட ஓடிவிடுவாள்.

நாகர்கோவில் போர்டிங் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் ஊரிலிருந்து பரீட்சையில் முதலாவது வரும் ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுப்பார்கள். அது தன் மகளாக இருக்க வேண்டும் என்று ராகேல் ஜெபம் பண்ணாத நாளில்லை.

பரீட்சையில் ஜெயபாய் முதலாவது வந்தாள். கிரேஸ்பாய் கணக்குத் தாளைப் பாதிக்குமேல் வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தேவகனி சந்தோஷத்தில் வீடு வீடாகக் கருப்பட்டி கொடுத்தாள். தன் வீட்டுக்கு வந்த துண்டை ராகேல் புழக்கடையில் வீசினாள்.

மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடத்தில் போய் நின்றாள். தலைமை வாத்தியார் ராஜையன் போர்டிங்குக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருந்தார்.

"சாரே, ஜெயபாய் பேர எழுதாதீங்க. அது பிள்ளைக்க மூளையில்ல, அம்மைக்க மூளை!"

"என்னம்மா சொல்லுகீங்க?"

"தெனமும் சாயங்காலம் பக்கத்துல இருந்து அவதான் எழுதிக் குடுக்கா. நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். அம்மைக்காரி இப்பிடி எழுதிக் குடுத்தா எந்தப் பிள்ளைதான் சார் முதலாவது வராது?"

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார். வகுப்பிலிருந்து ஜெயபாயை வரச் சொன்னார்.

"மக்கா, பயப்படாம உண்மையச் சொல்லு. தெனமும் ஒனக்க அம்மையா பாடம் சொல்லித் தாரா?"

ஜெயபாய் திருதிருவென்று விழித்தாள். மாட்டிக்கொண்டாள் என்று ராகேலுக்கு மனசு குளிர்ந்தது.

"இல்ல சார், நான்தான் அம்மைக்குச் சொல்லிக் குடுக்கேன். இப்பதான் 'ஈ' வரைக்கும் வந்திருக்கா."