முன்சக்கரக்காரன்

"பின்னால தேஞ்சா பஞ்சர். முன்னால தேஞ்சா..."

அப்பா அதை எப்படி முடிப்பார் என்பது காளிமுத்துவுக்கு மறந்தே போயிருந்தது. அவர் விட்டுப்போன சைக்கிள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே சைக்கிள், இரண்டு பேர். காலையில் காளிமுத்து அதில் மார்க்கெட் வேலைக்குப் போவான். பின்னேரம் அக்கா புருஷன் சேதுராமன் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கப் போவார். மஹையாவையிலிருந்து கண்டி டவுனுக்கு இறங்குவதும் திரும்ப மிதித்து ஏறுவதுமாக டயர் தேய்ந்துகொண்டே இருக்கும்.

அதனால் அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு சேதுராமன் ஒரு பாகப்பிரிவினை செய்தார். முன்சக்கரம் தன் பொறுப்பு, பின்சக்கரம் மச்சினன் பொறுப்பு.

கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பாரமெல்லாம் பின்சக்கரத்தில். அது வருஷம் திரும்புவதற்குள் மொட்டையாகிவிடும், முன்சக்கரம் அப்படியே இருக்கும். கூட்டுறவுச் சங்கக் கடையில் வரிசை நின்றால்தான் டயர் கிடைக்கும் என்றிருந்த காலம் அது. எப்படியோ வாங்கி வரும் புது டயரைச் சேதுராமன் தன் முன்சக்கரத்தில் மாட்டிக்கொள்வார். அதிலிருந்து கழற்றியது காளிமுத்துவின் பின்சக்கரத்துக்கு வரும்.

மார்க்கெட்டில் கூட்டாளிகள் சும்மா இருப்பார்களா? மச்சான் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் உனக்குச் சோறா என்று கேட்டுக் கேட்டே அவனை உசுப்பிவிட்டார்கள்.

பின் டயரில் நூல் தெரிய ஆரம்பித்த அன்று காளிமுத்து துணிந்துவிட்டான். பளீல் காக்காவின் சைக்கிள் கடையில், நாலு பேர் முன்னால் வைத்தே சேதுராமனைக் கேட்டான்.

"மச்சான், இத்தனை வருஷம் முன்சக்கரத்தை நீங்க அனுபவிச்சீங்க. இனிமே அது எனக்கு. பின்சக்கரத்தை நீங்க வச்சுக்குங்க."

"யோசிச்சுத்தான் கேக்குறியா மாப்ளே?"

"யோசிச்சு யோசிச்சுத்தான் டயரே தேஞ்சு போச்சு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சேதுராமன் தலையைச் சொறிந்தார். பிறகு, "சரி, எடுத்துக்க. பளீல் காக்கா சாட்சி" என்றார்.

கோர்ட்டில் வழக்கை ஜெயித்தவன் மாதிரி காளிமுத்து நிமிர்ந்தான். எல்லாருக்கும் பிளேன் டீ சொன்னான். முன் டயரின் முள் இன்னும் மழுங்காமல் இருப்பதைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இனி இது அவனுடையது.

"உங்க பின் டயருக்கு என்ன வழின்னு பாருங்க மச்சான்" என்றான் தாராளமாக.

பளீல் காக்கா சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார். தேய்ந்த பின் டயரை உருவி எறிந்தார். அடுத்து முன் டயரைக் கழற்றிப் பின்சக்கரத்தில் மாட்டத் தொடங்கினார்.

காளிமுத்து பதறிப்போனான். "காக்கா, அது என் டயரு."

"பின்னுக்குத் தேஞ்சா முன்னுக்கு இருக்கிறதத்தானே தம்பி போடுற. புதுசு எப்பவும் முன்னுக்குத்தான். இந்த எறக்கத்துல பின் டயர் வெடிச்சா எப்படியும் நிப்பாட்டிக்கலாம். முன் டயர் வெடிச்சா..."

"பல்லு" என்று முடித்தார் சேதுராமன். "மாமா சொல்லுவாரே."

காளிமுத்துவுக்கு அப்பாவின் வார்த்தை ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. டயருக்கென்று அவன் இதுவரை ஒருநாள்கூடச் சங்கக் கடை வரிசையில் நின்றதில்லை.

"அப்ப இத்தனை வருஷமும் புது டயரெல்லாம்..."

"முன்சக்கரக்காரன் தலையிலதான்" என்றார் பளீல் காக்கா. "ஒங்கட அப்பா மவுத்தான நேரம் ஒங்களுக்கு நிரந்தர வேலையும் இல்ல. அதுக்குத்தான் மச்சான் முன்சக்கரத்தக் கேட்டு எடுத்தாரு. ஒங்களுக்குச் சொல்லவேணாம்னும் சொன்னாரு."

வெறும் வளையமாக நின்ற முன்சக்கரத்தைச் சேதுராமன் விரலால் சுழற்றிவிட்டார்.

"வெளையாட்டுக்குப் பேசினதா வச்சுக்குவோம் மாப்ளே. முன்சக்கரம் எங்கிட்டயே இருக்கட்டும்."

காளிமுத்து டீக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"காக்காவைச் சாட்சி வச்சு நீங்க குடுத்தது, மச்சான். திருப்பித் தரமாட்டேன்."

சொல்லிவிட்டுச் சங்கக் கடை வரிசையைப் பார்த்து நடந்தான்.