மேசைக்கடியில் நடந்த வேலை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு புள்ளி, ஒரு கொம்பு, ஒரு சுழிகூடப் பொய் கிடையாது. பொய் என்றால் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றைக்கே கொட்டட்டும்.

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் போர்டுக்காரர் ஒருவர். அவர் எழுதின 'ப'வில் தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டு சிந்தாது. அப்பேர்ப்பட்டவர் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எட்டு மாதம் மாவுக்கட்டு. வரிக்கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய தேதி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அபராத நோட்டீஸ் வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதை. கட்டாவிட்டால் கடைக்குப் பூட்டு.

உண்மையிலேயே கஷ்டப்பட்டவருக்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கஷ்டத்துக்கு ஆவணம் வேண்டுமாம். கட்டுப் போட்ட டாக்டரோ ஆஸ்பத்திரியை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். மிச்சம் இருந்தது ஓர் எக்ஸ்ரே படம்.

அதையும் நம்மாள் விட்டுவைக்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் கை எழுத வராததால், நல்ல தகடாயிற்றே என்று இடது கையாலேயே அந்தப் படத்தில் எழுத்து வெட்டி, நாலு வீட்டுக் கதவில் 'வண்டி நிறுத்தாதே' என்று பெயிண்ட் அடித்திருந்தார்.

வரி ஆபீசில் தள்ளுபடி மனுக்களைப் பார்க்கும் அதிகாரிக்கு ஜனங்கள் வைத்த பெயர் முட்டுக்கட்டை. அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு தெரியுது. முறிவு எங்க?"

"அது 'தா' வெட்டின இடத்துல இருந்துச்சு சார்."

முட்டுக்கட்டை சிரிக்கவில்லை. மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னார். கோப்பிலிருந்த பழைய கையெழுத்து தோகை விரித்த மயில். இது மிதிபட்ட மண்புழு. 'கையொப்பம் பொருந்தவில்லை' என்று தேதியோடு ஒரு முத்திரை குத்தி, பழகிக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்.

"கை உடைஞ்சதாலதானே சார் பொருந்தல?"

"அதை நீங்க சொல்றீங்க. ஆவணம் சொல்லணும்."

அடுத்த மாதமும் அதே மண்புழு, அதே முத்திரை.

போர்டுக்காரரின் மச்சினன் எல்லாம் தெரிந்தவன். மேசைக்கு மேலே பார்த்தால் இந்த ஜென்மத்தில் ஆகாது என்றான். "மேசைக்கடியில ஏதாவது நடந்தாதான் அத்தான் அங்க காரியம்."

"கையெழுத்துதான் கோணல். கையும் கோண வேணாம்" என்றார் இவர்.

மனைவி வேறு வழி பிடித்தாள். காலண்டர் பின்பக்கத்தில் பத்துக் கையெழுத்துப் போட்டால்தான் காபி என்று சொல்லிவிட்டாள். காலண்டர் தீர்ந்து சுவருக்கு வந்தார். மூன்றாம் மாதம் ஒரு காலை, குளியலறைக் கதவில் மயில் தோகை விரித்தது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்பை நிமிர்த்திக்கொண்டு போனார். இந்த முறை எப்படித் திருப்பி அனுப்புகிறான் பார்க்கலாம்.

முட்டுக்கட்டை அவர் விரல்களையே உற்றுப் பார்த்தார். மயிலின் கழுத்து வந்தது. தோகையைச் சுழிக்கிற நேரம், மேசை ஒரு குலுங்கு குலுங்கியது. தோகை தேதிக் கட்டம்வரை பறந்தது.

"மேசை ஆடுது சார்."

"பதினெட்டு வருஷமா இங்க உட்கார்ந்திருக்கேன். இது ஆடினதே இல்ல."

மூன்றாவது முத்திரை விழுந்தது. இனி வர வேண்டாம், முடிவு தபாலில் வரும் என்றார். போர்டுக்காரர் வழிநெடுக அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டே வீடு வந்து, பிரஷ்களைக் கழுவி மூட்டை கட்டினார்.

பத்தாம் நாள் தபால் வந்தது. பிரித்துப் படித்தார்.

'மனுதாரர் கை முறிந்ததற்கு ஆஸ்பத்திரி ஆவணம் இல்லை. ஆயினும், அவரால் தமது கையொப்பத்தைக்கூடப் போட இயலவில்லை என்று இவ்வலுவலகமே மூன்று முறை சோதித்து முத்திரையிட்டுள்ளது. ஒரு முறை என்றால் தற்செயல் எனலாம். மூன்று முறை என்பது ஆவணம். அபராதம் முழுவதும் தள்ளுபடி.'

மச்சினன் கண்ணைச் சிமிட்டி, மேசைக்கடியில் எவ்வளவு போயிற்று என்று கேட்டான். இவர் அடிக்கப் போனார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. திட்டின பாவத்துக்குப் பரிகாரமாக, ஆடுகிற அந்த மேசைக்காலுக்கு முட்டுக் கொடுக்க ஒரு மரத்துண்டைச் செதுக்கி எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். முட்டுக்கட்டை என்ன ஏது என்று கேட்பதற்குள் குனிந்து உள்ளே புகுந்துவிட்டார்.

நாலு காலும் தரையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. தோளால் தள்ளிப் பார்த்தார். மேசை மலை மாதிரி நின்றது.

பக்கத்தில் அதிகாரியின் இரண்டு முட்டிகள். இடது முட்டியில் கால்சட்டை புதுசாக இருந்தது. வலது முட்டியில் மட்டும் தேய்ந்து நூல் நூலாகத் தொங்கியது. அதற்கு நேர் மேலே, மேசைப் பலகையின் அடியில், ஒரு முட்டி அளவுக்கு மரம் வழவழவென்று பளபளத்தது. எத்தனை பேருடைய கையெழுத்தோ.

"கீழ என்ன பார்க்கறீங்க?"

"மேசைக்கடியில நடந்த வேலையை சார்."

வலது முட்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.

"பார்த்தாச்சுன்னா எழுந்திருங்க. அடுத்தவர் கையெழுத்துப் போடக் காத்துக்கிட்டிருக்கார்."

கேட்டாயிற்றா? காதோடு வைத்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று எவர் கேட்டாலும் வாயைத் திறக்காதீர்கள். அந்த முட்டிக்கு இன்னும் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது.