எப்ப எடுக்கலாம்

தோளில் மாலையோடு நல்லுசாமி தெருவுக்குள் திரும்பியபோது அவன் கண்ணில் பட்டது கார் மட்டும்தான்.

சிவப்பு நிறம். பெரிய வண்டி ஒன்றும் இல்லை, பின்பக்கம் வெட்டினாற்போல் இருக்கும் சின்ன ஹேட்ச்பேக். கேட்டுக்கு வெளியே தெருவை அடைத்துக்கொண்டு கோணலாக நின்றது. நத்தத்தில் காலமெல்லாம் மாங்காய் லோடு ஓட்டியவனுக்கு, பறக்கிற மாதிரி ஒரு கார் என்பதுதான் இருந்த ஒரே ஆசை. இன்று வாங்கப்போவது பழைய வண்டிதான் என்றாலும் நடையில் மாப்பிள்ளை முறுக்கு வந்திருந்தது.

இன்னும் கொஞ்சம் நெருங்கிய பிறகுதான் சாமியானா தெரிந்தது. வாடகை நாற்காலிகளில் ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து பெண்களின் அழுகை வந்தது.

காலையில் பஸ் ஏறும் முன், காரை விற்கும் முகேஷ்குமாருக்குப் போன் போட்டிருந்தான். எடுத்தது அவன் தங்கை சுகன்யா. பின்னால் ஒரே சத்தம்.

"எப்ப எடுக்கலாம்?" என்று கேட்டான்.

"மூணு மணிக்கு எடுத்துருவோம். செத்த முன்னாடியே வந்துருங்க" என்றாள். தொண்டை கட்டியிருந்தது.

அவன் கேட்டது காரை. அவள் சொன்னது அண்ணனை.

நல்லுசாமி தோளிலிருந்த மாலையைக் கையில் எடுத்துக்கொண்டான். திரும்பிவிடலாம் என்றால், மாலையும் கையுமாக வந்தவன் எப்படித் திரும்புவது? யாரும் அவனை யாரென்று கேட்கவில்லை. எழுந்து வழிவிட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் வைக்க வாங்கிய எலுமிச்சம்பழங்கள் சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கையால் மறைத்தபடி உள்ளே போனான்.

முற்றத்தில் ஐஸ் பெட்டி இருந்தது. பூக்காரரிடம் காரின் பானெட் அகலத்தைக் கை விரித்துக் காட்டிக் கட்டி வாங்கிய மாலை, பெட்டியின் கண்ணாடிமேல் அளவெடுத்ததுபோல் படிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை இதே முகேஷ்குமார்தான் ஆத்தூர் ரோட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காரை ஓட்டச் சொல்லிக் கொடுத்தான். டர்போவை மாற்றி, காரின் கம்ப்யூட்டரில் ப்ரோகிராமைத் திருத்தி, ஏறிய வேகத்தைத் தாங்க ரேஸ் கிளட்ச் போட்டிருந்தான். கல் மாதிரி இருக்கும் அந்தக் கிளட்ச். அடிவரை மிதித்துத் துளித்துளியாக விட வேண்டும். அரைகுறையாக மிதித்தால் இன்ஜின் அணைந்துவிடும்.

"பயந்தா நின்னுரும்ணே" என்று சிரித்தான்.

பார்த்துப் பார்த்துச் செய்ததை ஏன் விற்கிறாய் என்று நல்லுசாமி கேட்டதற்கு, வீட்டில் வேறு யாராலும் ஓட்ட முடியவில்லை, தங்கச்சி ஓட்டுகிற மாதிரி சாதாரண வண்டி ஒன்று வாங்கப் போகிறேன் என்றான்.

பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுக்காரர் யாரும் கேட்காமலே சொன்னார்.

"விடியக்காலம் நெஞ்ச அடைக்குதுன்னுருக்கான். ஆம்புலன்சு வர நேரமாகும்னு இந்தக் கார்லயே ஏத்திட்டாங்க. தங்கச்சிப் புள்ளதான் ஓட்டுச்சு. கேட்டத் தாண்டினதும் நின்னுபோச்சு. அதுவும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுது, திரும்பத் திரும்ப நிக்குது. பயந்துருச்சு, பாவம்."

ஆம்புலன்ஸ் வந்தபோது தேவைப்படவில்லை. கார் நின்ற இடத்திலேயே நின்றது.

தெருமுனையில் அமரர் ஊர்தி வந்து ஹாரன் அடித்தது. உள்ளே வர வழியில்லை. சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைத் தள்ளப் போனார்கள்.

"எங்கண்ணன் வண்டிய யாரும் தள்ளக் கூடாது."

சுகன்யாதான். விடிந்ததிலிருந்து சாவியை இறுக்கிப் பிடித்தே இருந்திருக்கிறாள். உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருந்தது. அண்ணன் அதை ஓட்டச் சொல்லிக் கொடுத்தது நல்லுசாமிக்கு என்று அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் அவனைத் தேடி நேராக வந்து நீட்டினாள்.

"நீங்க எடுங்கண்ணே."

உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். காலை நீட்டினான். கிளட்ச் விரல் நுனிக்குத்தான் பட்டது.

சீட் கடைசிவரை பின்னால் கிடந்தது. முகேஷ்குமார் நெட்டை ஆள். அவன் தனக்கு வைத்தது வைத்தபடியே இருந்தது. சுகன்யா அவன் தோளுக்கு வந்தால் அதிகம்.

அவள் பயந்து வண்டி நிற்கவில்லை. கால் எட்டாமல் நின்றிருக்கிறது. சீட்டை ஒரு இழு இழுத்திருந்தால் போதும்.

அவள் ஜன்னல் பக்கம் வருவதற்குள் நல்லுசாமி அடியில் இருந்த கம்பியைத் தூக்கிச் சீட்டை முன்னால் இழுத்துவிட்டான். இது தன்னோடு மண்ணுக்குப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டான். சாவியைத் திருப்பினான்.

அந்த உறுமல் தெரு முழுக்க நிறைந்தது. உள்ளே அழுகை நின்றது.

முகேஷ்குமாரின் அம்மா சண்முகவள்ளி காலையிலிருந்து அழவில்லையாம். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். சத்தம் கேட்டதும் அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தினமும் சாயங்காலம் வருவதைப்போல் கேட்டுக்கு வந்தாள். ஒரு கதவுதான் திறந்திருந்தது. மற்றதைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார்கள்; கார் வந்தால்தான் அது திறக்கும். குனிந்து தாழைத் தூக்கினாள்.

"தள்ளிக்கங்க. பையன் வாரான்."

நல்லுசாமி கிளட்சைத் துளித்துளியாக விட்டான். கார் நிற்கவில்லை. கேட்டுக்குள் திரும்பாமல் அதைத் தாண்டித் தெருவில் முன்னால் நகர்ந்தது.

அவள் அகலத் திறந்து பிடித்திருந்த வழியில் அமரர் ஊர்தி உள்ளே வந்தது.